மறுப்பதற்கு முன் கற்றுக்கொண்டவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இமாம் கஸ்ஸாலியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் தீர்ப்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார்கள். இஸ்லாமிய உலகில் தத்துவத்தையும் அறிவியலையும் சாகடித்தவர் என்பது ஒரு தரப்பு. தத்துவவாதிகளின் வாயை அடைத்த மார்க்கக் காவலர் என்பது மறுதரப்பு. அவருடைய நூல்களைப் பொறுமையாகப் படிக்கும் எவருக்கும் இந்த இரண்டு கஸ்ஸாலியும் தென்படமாட்டார். அங்கே இருப்பவர், தனக்கு ஒன்று உண்மையிலேயே தெரியுமா என்று தன்னையே குடைந்துகொண்டிருந்த ஒரு மனிதர்.

அவர் 1058இல் ஈரானின் தூஸ் நகரில் பிறந்தார். 33ஆம் வயதில் பாக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியரானார். முதுமையை நெருங்கும்போது எழுதிய தன்வரலாற்று நூலான ‘அல்முன்கித்’தில், அறிவு என்று எதைச் சொல்லலாம் என்று கேட்கிறார். மூன்றைவிடப் பத்து பெரியது என்று எனக்குத் தெரியும். ஒருவர் வந்து, ‘இல்லை, மூன்றுதான் பெரியது, சான்றாக இந்தக் கோலைப் பாம்பாக்குகிறேன்’ என்று சொல்லி, என் கண் முன்னே ஆக்கியும் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆற்றலைக் கண்டு நான் வியப்பேன். பத்தைப் பற்றி எனக்கு ஐயம் வராது. அந்த அளவுக்கு உறுதி இல்லாத எதையும் அறிவு என்று ஏற்கமாட்டேன் என்கிறார். அற்புதம் கூடக் கணக்கை அசைக்காது என்று ஒரு மார்க்க அறிஞர் எழுதுகிறார்! இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்ப்பு அடங்குவதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்ததும் எல்லாம் சரியத் தொடங்குகிறது. கண்ணை நம்பலாமா? நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் காசளவு தெரிகிறது. அது பூமியைவிடப் பெரியது என்று வடிவக் கணிதம் நிறுவுகிறது. புலன்களின் பொய்யைப் பகுத்தறிவு வெளிப்படுத்தியது. அப்படியானால் பகுத்தறிவின் பொய்யை வெளிப்படுத்த இன்னொரு நீதிபதி வரமாட்டார் என்று எப்படிச் சொல்வது? கனவில் இருப்பவனுக்கும் கனவு மெய்யாகத்தானே இருக்கிறது? ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அவர் இந்த நோயில் கிடந்தார். தன்னை மீட்டது எந்த வாதமும் அல்ல, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியே என்கிறார்.

தத்துவத்தை அவர் எதிர்கொண்ட விதம் இன்னும் முக்கியமானது. ஒரு துறையில் அதன் வல்லுநரை எட்டும் அளவுக்குக் கற்காதவன் அதன் குறையைச் சொல்லத் தகுதியற்றவன் என்பது அவர் கொள்கை. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, ஓய்வு நேரத்தில், ஆசிரியர் துணையின்றி, அவருக்கு முந்தைய பெரும் தத்துவவாதிகளான ஃபாராபியையும் இப்னு சீனாவையும் இரண்டாண்டுகளுக்குள் கற்றார். மேலும் ஓராண்டு அதையே அசைபோட்டார். தத்துவவாதிகளின் கொள்கைகளை விளக்கி ‘மகாஸித்’ என்ற நூலையும் எழுதினார். அதன் லத்தீன் மொழிபெயர்ப்பைப் படித்த ஐரோப்பியர் பலர் அவரையே இப்னு சீனாவின் சீடர் என்று எண்ணிவிட்டார்கள். எதிர்த்தரப்பை அவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்!

மறுப்பு நூலான ‘தஹாஃபுத்’ 1095இல் முடிந்தது. அதன் முன்னுரையில் கிரகணத்தைப் பற்றிப் பேசுகிறார். சூரியனுக்கும் நமக்கும் இடையே நிலவு வருவதால் சூரிய கிரகணம் உண்டாகிறது என்பது கணக்கால் நிறுவப்பட்டது. மார்க்கத்தைக் காப்பதாக நினைத்து இதை மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்கிறார். இவரையா அறிவியலின் பகைவர் என்கிறோம்? அறிவியல் அவரோடு செத்துப்போகவும் இல்லை. அவர் காலத்துக்குப் பின், 1259இல்தான் ஈரானின் மராகாவில் வானியலாளர் நசீருத்தீன் தூஸியின் வானாய்வுக்கூடம் எழுந்தது.

இருபது கேள்விகளில் தத்துவவாதிகளோடு அவர் மோதுகிறார். அவற்றில் மூன்றில் அவர்களை இறைமறுப்பாளர்கள் என்றே தீர்ப்பளிக்கிறார். எனக்கு இது உடன்பாடில்லை. வாதத்தில் வென்றவருக்குத் தண்டனைத் தீர்ப்பு எதற்கு? ஆனால் பதினேழாவது கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. பஞ்சில் நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிகிறது. நாம் கண்டது இரண்டும் சேர்ந்து நிகழ்ந்ததை மட்டுமே. நெருப்பால்தான் எரிந்தது என்பதை எங்கே கண்டோம்?

1180ஐ ஒட்டி, அந்தலூசியாவின், அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின், தத்துவவாதி இப்னு ருஷ்து இதற்கு விடை எழுதினார். பொருள்களின் காரணத்தை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்பது அவர் வாதம். கஸ்ஸாலியின் வாசகங்களைப் பகுதி பகுதியாக, கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்து எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தன் பதிலை வைத்தார். கஸ்ஸாலி இறந்து சுமார் எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தும், அவரை முழுதாகப் பேசவிட்ட பிறகே இவர் பேசினார்.

அத்தகையவருக்கு 1195இல் கிடைத்தது மறுநூல் அல்ல. அந்தலூசியாவை ஆண்ட கலீபா அல்மன்சூர் அவரை லூசேனா என்ற ஊருக்கு நாடு கடத்தினார். தத்துவ நூல்களை எரிக்கச் சொன்னார். பின்னர் மன்னிப்புக் கிடைத்து, 1198இல் மராக்கேஷில் இறந்தார். பிளேட்டோவின் ‘குடியரசு’க்கு அவர் எழுதிய உரையின் அரபு மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. யூத அறிஞர்கள் ஹீப்ருவில் பெயர்த்து வைத்ததால்தான் இன்று அதைப் படிக்க முடிகிறது.