கம்பெனி குடுத்த கெர்னல் சோர்ஸ் முழுசா இருக்கா? நீங்களே பார்த்துரலாம்

வணக்கம் மக்களே, மதுரைல இருந்து பேசுறேன். இன்னைக்கு வீடியோ கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி குடுத்ததுக்குப் பதிலா வேற ஆண்ட்ராய்டு, போடுற தம்பிகளுக்கும், கெர்னல் பில்ட் பண்ணிப் பழகணும்னு நினைக்கிற காலேஜ் பிள்ளைகளுக்கும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சர்வீஸ் கடை வச்சிருக்கிற அண்ணன்மாரும் பாருங்க. அப்டேட் நின்னுபோன போனெல்லாம் கடைசில உங்ககிட்டத்தானே வந்து சேருது.

ஆண்ட்ராய்டு போன் எந்தக் கம்பெனியா இருந்தாலும் உள்ள ஓடுறது லினக்ஸ் கெர்னல், ஹார்டுவேரையும் ஆப்களையும் இணைக்கிற அடித்தள சாஃப்ட்வேர். அதோட லைசென்ஸ் ஜி.பி.எல். (ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ்) வெர்ஷன் 2. 1991-ல எழுதின லைசென்ஸ், லினக்ஸ் 1992-ல அதுக்கு மாறுச்சு. போன் விக்கிறவங்க அந்தக் கெர்னலை பைனரியா, அதாவது கம்பைல் பண்ணி முடிச்ச வடிவத்துல, நம்ம கைல குடுக்கிறாங்க. அப்படிக் குடுத்தா சோர்ஸும், அதாவது மனுஷன் எழுதின மூல கோடும், குடுத்தாகணும். மூணாவது பிரிவுல கம்பெனிக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பொருளோட கூடவே சோர்ஸ். இல்லேன்னா, குறைஞ்சது 3 வருஷம் செல்லுற மாதிரி எழுத்துல ஒரு வாக்குறுதி. கேக்கிற எந்த மூணாவது ஆளுக்கும், அனுப்புற செலவுக்கு மேல காசு வாங்காம சோர்ஸ் தர்றோம்னு அதுல இருக்கணும். போன் வாங்கின பில்லைக் காட்டுன்னு சொல்றதுக்கு இந்த வழில இடமே இல்ல.

"லாஞ்ச் ஆகி 90 நாள் டைம் இருக்கு ப்ரோ"ன்னு நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க. லைசென்ஸ்ல அப்படி ஒரு வரி கிடையாது. முதல் போன் வித்த அன்னைக்கே கடமை வந்துருது. வீட்டை வித்துட்டு பத்திரத்த மூணு மாசம் கழிச்சுத் தர்றேன்னா நம்ம ஊர்ல யாராச்சும் ஒத்துக்குவாங்களா? 2017 அக்டோபர்ல கெர்னல் டெவலப்பர்கள் பல பேர் கையெழுத்துப் போட்டு ஒரு அறிக்கை விட்டாங்க. முதல் தடவை நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள தப்பைத் திருத்திட்டா, மீறினதால பறிபோன லைசென்ஸ் உரிமை நிரந்தரமாத் திரும்பக் கிடைக்கும்னு அதுல இருக்கு. அது மீறினதுக்கு அப்புறம் திருத்திக்கக் குடுத்த அவகாசம். முன்கூட்டியே தள்ளிப்போடுறதுக்கு இல்ல.

எதெல்லாம் கேக்க முடியாதுன்னு சட்டுன்னு சொல்லிடுறேன், இல்லேன்னா தப்பாக் கேட்டு நம்ம பேச்சுக்கு மரியாதை போயிரும். ஆண்ட்ராய்டோட மேல்பகுதி பெரும்பாலும் அப்பாச்சி 2.0 லைசென்ஸ், அதுல சோர்ஸ் குடுத்தாகணும்னு இல்ல. அதனால கம்பெனியோட ஸ்கின், கேமரா ஆப், அதோட கலர் வித்தை எதையும் கேக்க முடியாது. மோடம் ஃபர்ம்வேர், டிரஸ்ட்சோன்ல ஓடுற பாதுகாப்பு சாஃப்ட்வேர், கிராஃபிக்ஸோட யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளிய ஓடுற) லைப்ரரி, இதுவும் வராது. ஆனா அதே கிராஃபிக்ஸோட கெர்னல் டிரைவர் ஜி.பி.எல்., அதைக் கேக்கலாம். பூட்லோடர் அன்லாக்கும் (நாம மாத்தின கெர்னலைப் போன் ஏத்துக்கிற மாதிரி பூட்டைத் திறக்கிறது) வெர்ஷன் 2-ல வெளிப்படையா இல்ல. 2007-ல வந்த வெர்ஷன் 3-லதான், மாத்தின சாஃப்ட்வேரைப் பொருள்ல போடத் தேவையான தகவலையும் குடுன்னு சேர்த்தாங்க. லினக்ஸ் அதுக்கு மாறல. அதனால கம்பெனிக்கு எழுதுற மெயில்ல அன்லாக்கையும் சோர்ஸையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

சரி, கேக்கக்கூடியது என்ன? லைசென்ஸ்ல தெளிவா இருக்கு: அந்தப் பைனரில இருக்கிற எல்லா மாட்யூலோட சோர்ஸ், அதோட இன்டர்ஃபேஸ் டெஃபனிஷன் ஃபைல்கள், கம்பைல் பண்ணவும் இன்ஸ்டால் பண்ணவும் பயன்படுத்தின ஸ்கிரிப்ட்கள். கிட்ஹப்ல ஒரு ஃபோல்டரைத் தூக்கிப்போட்டுட்டு "ரிலீஸ் பண்ணிட்டோம்"னு சொல்றது பத்தாது. உங்க போன்ல இப்ப ஓடுற பில்டுக்குரிய சோர்ஸா இருக்கணும். ஒவ்வொரு அப்டேட்டும் புது பைனரிதான், அதனால கடமையும் ஒவ்வொரு தடவையும் புதுசா வருது.

இப்ப மேசைல இருக்கிற போனைப் பாருங்க. கம்பெனி பேர் வேண்டாம். செட்டிங்ஸ்ல அபௌட் போன் போய் மாடல் நம்பர், பில்ட் நம்பர், கெர்னல் வெர்ஷன் மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. அப்டேட் விழுந்துட்டா இது மாறிரும், அதனால முதல்ல இதுதான். அங்கேயே லீகல் இன்ஃபர்மேஷனுக்குள்ள சோர்ஸ் கேக்கிற விலாசம் இருக்கும், அதையும் எடுத்துக்கங்க. அடுத்து யு.எஸ்.பி. டிபக்கிங் ஆன் பண்ணி கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்குக் கமாண்டு குடுக்கிற ஏ.டி.பி. ஷெல்லைத் திறங்க. "கேட் ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் வெர்ஷன்"னு அடிங்க. ஒரு நீள வரி வருது பாருங்க: கெர்னல் 4.19.157, எந்த கிளாங் (கம்பைலர்) வெர்ஷன்ல கம்பைல் பண்ணாங்க, என்னைக்குப் பண்ணாங்கன்னு. கிளாங் வெர்ஷனைக் குறிச்சு வைங்க, பின்னால வேணும். அப்புறம் ஸ்லாஷ் ப்ராக்ல கான்ஃபிக் டாட் ஜி.இஸட். இருந்தா புல் பண்ணிக்கங்க. பில்ட் பண்ணப்ப வச்ச செட்டிங் எல்லாம் அந்த ஒரு ஃபைல்ல இருக்கு. சில கம்பெனி அதை அணைச்சு விட்டிருப்பாங்க, அப்ப கிடைக்காது.

சோர்ஸ் எங்க கிடைக்கும்னா, சாம்சங்குக்குத் தனியா ஓப்பன் சோர்ஸ் தளம் இருக்கு, மாடல் நம்பர் போட்டுத் தேடினா ஜிப் வரும், கெர்னல் ஒரு டார் ஃபைல், பிளாட்ஃபார்ம் ஒரு டார் ஃபைல். ஷாவ்மிக்கு கிட்ஹப்ல மைகோட், போனோட கோட்நேம்ல பிராஞ்ச் இருக்கும். ஒன்பிளஸ், மோட்டோரோலா எல்லாமே கிட்ஹப்தான். க்ளோன் பண்றப்ப டெப்த் 1 போடுங்க, நெட்டு மிச்சம்.

இறக்கினதும் முதல்ல மேல இருக்கிற மேக்ஃபைலைத் திறங்க. வெர்ஷன், பேட்ச்லெவல், சப்லெவல்னு ஆரம்பத்துலயே இருக்கும். போன்ல 4.19.157, இங்க 4.19.113. அவ்ளோதான், இது லாஞ்ச் அன்னைக்குப் போட்ட சோர்ஸ், அதுக்கப்புறம் தொடவே இல்ல. அப்புறம் ஆர்ச், ஆர்ம் 64, கான்ஃபிக்ஸ் ஃபோல்டர்ல உங்க போனோட டிஃப்கான்ஃபிக், அதாவது அந்தப் போனுக்கு வச்ச பில்ட் செட்டிங் ஃபைல், இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதுல இருந்து வர்ற டாட் கான்ஃபிக்கையும் போன்ல எடுத்ததையும் கெர்னல் மரத்துக்குள்ளயே இருக்கிற டிஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்ட்ல... பேர் ஒரே மாதிரி இருக்குன்னு குழம்பாதீங்க, இது ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கிறது... அதுல குடுத்து ஒப்பிடுங்க. போன்ல ஆன் ஆகியிருந்து சோர்ஸ்ல பேரே இல்லாத ஆப்ஷன் வந்தா, அந்த டிரைவரை எடுத்துட்டுத்தான் போட்டிருக்காங்க. அனேகமா டச் பேனல், ஃபிங்கர்பிரிண்ட், சார்ஜிங் டிரைவராத்தான் இருக்கும்.

அடுத்து ஆடியோ, டிஸ்ப்ளே, கேமரா. குவால்காம் 4.19-ல இதெல்லாம் டெக்பேக் ஃபோல்டருக்குள்ள வரும். ஃபோல்டர் இருக்கும், உள்ள காலி. வைஃபை டிரைவரும் இப்படித்தான் காணாமப் போகும். "அதுக்கு வேற லைசென்ஸ்"னு பதில் வரலாம். அந்த டிரைவர் கான்ஃபிக்ல "ஒய்"னு இருந்தா கெர்னல் இமேஜுக்குள்ளயே கலந்துருச்சுன்னு அர்த்தம். அப்ப முழு இமேஜோட சோர்ஸையும் தரணும்.

ஆண்ட்ராய்டு 12-ல 5.10 கெர்னலோட லாஞ்ச் ஆன போன்ல இருந்து இன்னொரு சிக்கல். நடுக் கெர்னல் கூகுளோட ஜி.கே.ஐ. (எல்லாப் போனுக்கும் பொதுவான கெர்னல்), கம்பெனி எழுதினது எல்லாம் டாட் கே.ஓ. மாட்யூலா, அதாவது தனியா லோடு ஆகுற டிரைவர் ஃபைலா நிக்குது. கூகுள் மரத்தைக் காட்டிட்டு "இதான் சோர்ஸ்"னு முடிச்சிருவாங்க. நீங்க ஸ்டாக் ரோம்ல வெண்டார் பூட், வெண்டார் டி.எல்.கே.எம். இமேஜ்களைப் பிரிச்சு அந்த மாட்யூல்களை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் மோட்இன்ஃபோ அடிச்சா லைசென்ஸ் வரி வரும். ஜி.பி.எல்.னு மட்டும் போட்டிருக்கிற மாட்யூலுக்கு சோர்ஸ் எங்கயும் இல்லேன்னா, அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே! அப்படிப் போடாம இருக்கவும் முடியாது, ஜி.பி.எல். மாட்யூலுக்கு மட்டும்னு எக்ஸ்போர்ட் பண்ணின ஃபங்ஷன்களை ஜி.பி.எல்.லோட ஒத்துப்போகாத லைசென்ஸ் போட்ட மாட்யூல் கூப்பிட்டா கெர்னல் லோடு பண்ண மறுத்துரும்.

பில்ட் எரர் வந்தவுடனே கம்பெனியத் திட்டாதீங்க. நம்ம பக்கத் தப்பு நிறைய இருக்கும். விண்டோஸ் டிரைவ்ல ஜிப்பைப் பிரிச்சா கெர்னல் கெட்டுப்போகும். நெட்ஃபில்டர் ஃபோல்டர்ல எக்ஸ்டி டி.எஸ்.சி.பி. பெரிய எழுத்துல ஒண்ணு, சின்ன எழுத்துல ஒண்ணு, ரெண்டு தனி ஃபைல். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணு மேல ஒண்ணு எழுதிரும். லினக்ஸ்ல இ.எக்ஸ்.டி. 4 பார்ட்டிஷன்லயே பிரிங்க. இன்னொண்ணு, பழைய கெர்னலைப் புது உபுண்டுல பில்ட் பண்றப்ப "மல்ட்டிபிள் டெஃபனிஷன் ஆஃப் ஒய்ஒய்லாக்"னு நிக்கும். ஜி.சி.சி. 10-ல இருந்து டீஃபால்ட் மாறினதால வர்றது. டி.டி.சி. ஃபோல்டர்ல டிடிசி லெக்ஸர் டாட் எல் ஃபைல்ல அந்த ஒய்ஒய்லாக் அறிவிப்புக்கு முன்னாடி எக்ஸ்டர்ன்னு சேர்த்தாப் போதும். கிளாங்கும் வேற வெர்ஷன் போட்டீங்கன்னா சம்பந்தமே இல்லாத வார்னிங் எல்லாம் எரரா மாறும், அதான் முதல்லயே குறிக்கச் சொன்னேன்.

இதெல்லாம் சரி பண்ணின பின்னாடியும் "நோ ரூல் டு மேக் டார்கெட்"னு ஒரு டாட் ஓ. ஃபைல் பேர் வருதா? மேக்ஃபைல்ல பேர் இருக்கு, சி ஃபைலைத் தூக்கிட்டாங்க. ஹெடர் ஃபைலுக்கு "நோ சச் ஃபைல்" வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். அந்த லாக்கை அப்படியே சேவ் பண்ணுங்க.

பில்ட் முடிஞ்சு பூட்டும் ஆச்சு, ஆனா டச் வேலை செய்யலைன்னா டிமெசேஜ், அதாவது கெர்னல் லாக், பாருங்க. "டிஸ்அக்ரீஸ் அபௌட் வெர்ஷன் ஆஃப் சிம்பல் மாட்யூல் லேஅவுட்"னு இருந்தா, நீங்க பில்ட் பண்ணின கெர்னலும் போன்ல இருக்கிற மாட்யூலும் ஒத்துப்போகல. கான்ஃபிக்ல ஒரு ஆப்ஷன் மாறினாலே உள்ள ஸ்ட்ரக்சரோட அமைப்பு மாறி, செக்சம் மாறிரும். கான்ஃபிக்கும் கிளாங்கும் போன்ல இருந்ததையே போட்டும் இது வருதுன்னா, குடுத்த சோர்ஸ் இந்தப் பில்டோடது இல்ல. ஒரு எச்சரிக்கை: நேரா ஃப்ளாஷ் பண்ணாதீங்க. முதல்ல ஃபாஸ்ட்பூட்ல பூட் கமாண்டு குடுத்துத் தற்காலிகமா ஏத்திப் பாருங்க, உங்க போன் அதை ஏத்துக்கிட்டா. சரியில்லேன்னா ரீஸ்டார்ட் பண்ணினா பழைய கெர்னல் வந்துரும்.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்? ஒரு உதாரணம், ஆப்கள் ஒண்ணோட ஒண்ணு பேச உதவுற பைண்டர் டிரைவர்ல இருந்த பாதுகாப்பு ஓட்டை, சி.வி.இ. 2019-2215. மெயின் லினக்ஸ்ல 2018 தொடக்கத்துலயே சரி பண்ணியாச்சு. ஆனா 2019 அக்டோபர்ல, ஓட்டை இன்னும் பல போன்ல திறந்து கிடக்கு, அதை வச்சுத் தாக்குதலும் நடக்குதுன்னு கூகுளோட பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு ப்ராஜெக்ட் ஜீரோ வெளிய சொன்னாங்க. சரியான சோர்ஸ் கைல இருந்தா டிரைவர்ஸ், ஆண்ட்ராய்டு ஃபோல்டர்ல பைண்டர் டாட் சி ஃபைலைத் திறந்து, பைண்டர் த்ரெட் ரிலீஸ் ஃபங்ஷன்ல வேக்அப் போல் வரில போல்ஃப்ரீ இருக்கான்னு ஒரு நிமிஷத்துல பார்த்துரலாம். இல்லேன்னா நீங்களே சேர்க்கலாம். சோர்ஸ் இல்லாத போன்ல கம்பெனி சொல்றதை நம்பிக்கிட்டு இருக்கணும், கம்பெனி சப்போர்ட்டை நிறுத்தினா அதுவும் இல்ல. 2003-ல லிங்க்சிஸ் ரவுட்டர் சோர்ஸ் வெளிய வந்ததாலதான் ரவுட்டருக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி சாஃப்ட்வேர் பிறந்துச்சு, இன்னைக்கும் உயிரோட இருக்கு.

மெயில் எப்படி எழுதுறதுன்னு பார்ப்போம். கோவம் வேண்டாம், சுருக்கமா எழுதுங்க. மாடல் நம்பர், பில்ட் நம்பர், கெர்னல் வெர்ஷன் முதல் வரில. ஜி.பி.எல். வெர்ஷன் 2 மூணாவது பிரிவுப்படி இந்தப் பில்டோட முழு சோர்ஸும் பில்ட் ஸ்கிரிப்டும் வேணும்னு அடுத்த வரி. ஏற்கனவே போட்டது ஏன் பத்தலைன்னு ஃபைல் பேரோட: இந்த மாட்யூல், இந்த டிஃப்கான்ஃபிக், இந்த எரர். லாக்கை இணைச்சிருங்க. "கெர்னல் சோர்ஸ் குடுங்க"ன்னு மொட்டையா அனுப்பினா கஸ்டமர் கேர் ஆள் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்"னு பதில் போட்டு முடிச்சிருவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, "இதை லீகல் இல்லேன்னா ஓப்பன் சோர்ஸ் டீமுக்கு அனுப்புங்க"ன்னு ஒரு வரி நீங்கதான் சேர்க்கணும்.

பதில் வரலைன்னா? நம்ம நாட்டுல 1957 காப்பிரைட் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான், ஆனா அந்தச் சட்டத்துல கேஸ் போடுற உரிமை காப்பிரைட் வச்சிருக்கிறவங்களுக்கு. அதனால அந்த டிரைவர் ஃபைலோட தலைப்புல பேர் இருக்கிற டெவலப்பருக்கு உங்க ஆதாரத்தை அனுப்புங்க, இல்லேன்னா ஜி.பி.எல். மீறலைத் தட்டிக்கேக்கிற சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்புக்கு அனுப்புங்க. ஜெர்மனில கெர்னல் டெவலப்பர் ஹரால்ட் வெல்ட்டே கெர்னல்ல தன்னோட கோடை வச்சுத்தான் 2004-ல ம்யூனிக் கோர்ட்ல ஒரு ரவுட்டர் கம்பெனி மேல தடை வாங்கினார். பொருள் வாங்கினவங்களே சோர்ஸ் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாமான்னு, 2021 அக்டோபர்ல கன்சர்வன்சி கலிஃபோர்னியால விசியோ டிவி கம்பெனி மேல வழக்குப் போட்டுச்சு. அது டிவி பத்தினதுதான், ஆனா போன்ல இருக்கிறதும் அதே லைசென்ஸ்.

கடைசியா டெலிகிராம்ல கெர்னல் ஜிப் போடுற தம்பிகளுக்கு. நீங்களும் பைனரி குடுக்கிறவங்கதான், கம்பெனிக்குப் பொருந்துற அதே மூணாவது பிரிவு உங்களுக்கும் பொருந்தும். ஜிப் லிங்குக்குக் கீழயே, அந்த பில்டோட சரியான கமிட்டுக்கு லிங்க் போடுங்க. டிஃப்கான்ஃபிக் உள்ள இருக்கட்டும், கிளாங் வெர்ஷனும் பில்ட் ஸ்கிரிப்டும் சேர்த்து வைங்க. இன்னொருத்தர் கமிட்டை எடுத்தா கிட்டோட செர்ரிபிக் கமாண்டுல எடுங்க, அவர் பேர் அப்படியே நிக்கும். ரெப்போவைப் பிரைவேட் ஆக்கிட்டு ஜிப்பை மட்டும் விடாதீங்க, ஏற்கனவே விட்டிருந்தா இன்னைக்கே திறந்து விட்டுருங்க.