லத்தீன் தெரியாத தச்சர் மகன்

வணக்கம் நண்பர்களே. இது பெட்டிக்கடையில் வாங்கிய லைட்டர். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். அடியில் தண்ணீர் மாதிரி ஆடுகிறதே, அது பியூட்டேன். மேலே காலியாகத் தெரிகிறதே, அங்கேயும் பியூட்டேன்தான், வாயுவாக. இந்த இரண்டு நிலைக்கும் சேர்த்து ஒரே சமன்பாடு எழுதியவர் யோஹானஸ் வான் டெர் வால்ஸ்.

1837-ல் நெதர்லாந்தின் லைடனில் பிறந்தார். அப்பா தச்சர். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். பள்ளிப் படிப்பு பதினைந்து வயதோடு சரி. அப்புறம் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை. பல்கலைக்கழகம் உள்ளூரிலேயே இருந்தது. ஆனால் லத்தீனும் கிரேக்கமும் படிக்காதவர் அங்கே தேர்வு எழுத முடியாது. இயற்பியலுக்கு எதற்கு லத்தீன் என்று என்னைக் கேட்காதீர்கள்! வகுப்பில் உட்காரலாம், பட்டம் கிடையாது. சரி என்று 1862 முதல் வேலையும் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பிறகு டெவென்டரிலும் ஹேக்கிலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்.

கடைசியில் விதிவிலக்கு கிடைத்து, 1873-ல், 35 வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். அதுவரை வாயு மூலக்கூறுகளுக்குப் பருமனே இல்லை, ஒன்றையொன்று இழுக்காது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டு வந்தார்கள். இவர் இரண்டையும் கணக்கில் சேர்த்தார். மூலக்கூறுகளைப் போதுமான அளவு நெருக்கிவிட்டால் இழுப்பு ஜெயிக்கிறது, வாயு திரவமாகிறது. ஒரு வரம்பு வெப்பநிலையைத் தாண்டிவிட்டால் மட்டும் எவ்வளவு அமுக்கினாலும் நடக்காது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆய்வேடு டச்சு மொழியில் இருந்தது. மாக்ஸ்வெல், ஆமாம், மின்காந்தவியல் மாக்ஸ்வெல்தான், இதனாலேயே டச்சு படிக்கக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள் என்று 1874-ல் எழுதினார். அந்த ஆய்வேட்டை எழுதியவரோ லத்தீன் தெரியாததால் தேர்வுக்கு வெளியே நின்றவர்!

1877-ல் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர். 1881-ல் மனைவி ஆன்னா இறந்துபோனார். அதன்பின் ஏறக்குறைய பத்து வருடம் இவர் எதையும் வெளியிடவில்லை. 1910-ல் நோபல் பரிசு வந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்று கணக்குப் போட உதவியது வான் டெர் வால்ஸின் 1880-ஆம் வருட விதி, ஒரு வாயு நடந்துகொள்வதை வைத்து இன்னொரு வாயு எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் விதி. ஹீலியம் திரவமானது எந்தப் பல்கலைக்கழகத்தில் தெரியுமா? லைடனில்.