கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபெய்த்

வணக்கம் நண்பர்களே. ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’, அதிலிருந்து கிளைத்த ‘ஏஞ்சல்’ என்ற இரண்டு அமெரிக்க டிவி தொடர்களையும் இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இதை இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்ததும் வாருங்கள். கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

இந்த இரண்டு தொடர்களிலும் பாவம் செய்துவிட்டுத் திருந்துகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏஞ்சல் ரத்தக்காட்டேரி. அத்தனை கொலைகளையும் செய்தபோது அவனுக்குள் ஆன்மா இல்லை. இன்னொரு காட்டேரியான ஸ்பைக்குக்கும் கிட்டத்தட்ட அதே கதை. பஃபியின் தோழி, சூனியக்காரி வில்லோவைக் கேட்டால் மந்திரம் தலைக்கேறிவிட்டது என்போம். ஃபெய்த், பஃபியைப் போலவே ஒரு ஸ்லேயர், அதாவது காட்டேரிகளை வேட்டையாடும் சக்தி பெற்ற பெண். அவளுக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள எதுவுமே கிடையாது. அவள் மனுஷி. ஆன்மா இருந்தது, புத்தியும் இருந்தது, செய்ததெல்லாம் அவளேதான். அதனால்தான் எல்லோரையும்விட அவள் திருந்திய கதை என்னை இப்படிப் பிடித்து உலுக்குகிறது.

தொடக்கம் ஒரு விபத்து. 1999-இல் வந்த ‘பேட் கேர்ள்ஸ்’ எபிசோட். இருட்டுச் சந்தில் பஃபியும் ஃபெய்த்தும் காட்டேரிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறுக்கே ஒரு ஆள் வருகிறான். பஃபி “வேண்டாம்” என்று கத்துவதற்குள் ஃபெய்த்தின் கையிலிருந்த கூர்க்கட்டை அவன் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. அவன் காட்டேரி இல்லை. ஊரின் துணை மேயர்.

மறுநாள் பஃபி அவளைத் தேடி மோட்டல் அறைக்குப் போகிறாள். ஃபெய்த் தன் துணியில் படிந்த ரத்தக்கறையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை என்கிறாள். அந்தக் கைகளைப் பாருங்கள். கவலையில்லாதவள் ஒரு கறையை அப்படித் தேய்ப்பாளா? ஃபெய்த்தாக வரும் எலைசா துஷ்கு முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடித்திருப்பார், ஆனால் கை நிற்காது.

அப்புறம் எல்லாம் சறுக்கல்தான். பழியைப் பஃபி மேல் போடப் பார்க்கிறாள், வில்லனான மேயரோடு சேர்கிறாள், கோமாவில் விழுகிறாள், எழுந்து வந்து பஃபியோடு உடம்பையே மாற்றிக்கொள்கிறாள்: இவள் பஃபியின் உடம்பில், பஃபி இவள் உடம்பில். அந்த உடம்பில் இருந்துகொண்டு தன் சொந்த முகத்தைப் போட்டு அடிக்கிறாள் பாருங்கள், வசைகளைக் கொட்டிக்கொண்டே. பஃபி மேல் இருந்த வெறுப்பு இல்லை அது.

சரி, 2000-க்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ். ஏஞ்சலைக் கொல்லக் காசு வாங்கிக்கொண்டு, அவனைச் சண்டைக்கு இழுப்பதற்காக வெஸ்லியைக் கடத்துகிறாள். முன்பு அவளுக்கு வாட்சராக, அதாவது ஸ்லேயரைப் பயிற்றுவித்து வழிநடத்துகிறவராக, இருந்தவர் வெஸ்லி. அவரை நாற்காலியில் கட்டி, உடைந்த கண்ணாடித் துண்டால் கீறுகிறாள். பார்க்கவே முடியாது. கடைசியில் ஏஞ்சலோடு மழையில் சண்டை. திடீரென்று அவள் அடிக்கும் அடிகளில் வேகம் போய்விடுகிறது. தன்னைக் கொன்றுவிடும்படி அவனிடம் கெஞ்சுகிறாள். அவள் வந்ததே அதற்குத்தான் என்பது அப்போதுதான் நமக்குப் புரிகிறது. ஏஞ்சல் அடிக்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். கத்தியோடு வந்த வெஸ்லி அதைப் பார்க்கிறார், கத்தி கைநழுவிக் கீழே விழுகிறது.

அடுத்த எபிசோட் ‘சாங்சுவரி’. பஃபியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறாள். பஃபி கேட்கத் தயாராக இல்லை. இதற்காகப் பஃபி மேல் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் இல்லை. அடி வாங்கியவள் மன்னித்தே தீர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஃபெய்த்துக்கும் அது புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுக்கிறாள். பேய்களும் மந்திரவாதிகளும் உலவும் கதையில், ஒரு கொலைக்கான பதிலைச் சாதாரண மனிதச் சட்டத்திடம் கொண்டுபோய் வைக்கிறாள்.

உள்ளே போனவள் மூன்று வருடம் இருக்கிறாள். 2003, ‘சால்வேஜ்’. சிறையில் ஒருத்தி கத்தியோடு பாய்கிறாள். ஃபெய்த் அவளை மடக்குகிறாள், ஆனால் கொல்லவில்லை. அப்புறம் பார்வையாளர் அறைக்கு வெஸ்லி வருகிறார், இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி. ஆம், வெஸ்லியேதான். ஏஞ்சல் ஆன்மாவை இழந்து மறுபடி ஏஞ்சலஸ் என்ற பழைய கொடூரக் காட்டேரி ஆகிவிட்டான், உதவி வேண்டும் என்கிறார்.

அடுத்த நிமிடம் அவள் அந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறாள். காவலர்களைத் தள்ளிவிட்டு, வெஸ்லியையும் இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே குதிக்கிறாள். மொத்தமும் சில நொடிகள். அதாவது, நினைத்த எந்த நாளிலும் அவளால் வெளியே வந்திருக்க முடியும். அந்தச் சுவர்கள் அவளை ஒரு நாள்கூடப் பிடித்து வைக்கவில்லை. மூன்று வருடமும் தினமும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்ல அந்த எபிசோடில் வசனமே கிடையாது. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். பாய்வதற்கு முன்னால் வெஸ்லியிடம் ஒன்று சொல்கிறாள்: கண்ணாடியை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று.