கூண்டு யாரிடம் பேசுகிறது?

வணக்கம். ஐப்பசி பிறந்தால் நம் செய்திகளில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு: கடலூர், நாகை துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. அந்தக் கூண்டு வந்த வழியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பழைய மதராஸில் ஒதுங்க ஒரு துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகுக்காரர்கள்தான் அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். 1746 செப்டம்பரில் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படையை அடுத்த மாதமே ஒரு புயல் சிதறடித்துவிட்டது. கம்பெனி காலத்தில் அக்டோபர் 15 வந்தால் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். மழைக்காலம் வருகிறது, கப்பல்களெல்லாம் கிளம்புங்கள் என்று அதற்கு அர்த்தம். வானத்தைப் பார்த்துச் சொன்ன எச்சரிக்கை இல்லை அது, தேதியைப் பார்த்துச் சொன்னது. புயல் தேதி பார்த்தா வரும்? 1872-இல் மே மாதத்திலேயே வந்து, மதராஸ் கரையில் கப்பல்களை மோதி உடைத்தது.

அதற்கு முன்பே 1864-இல் இரண்டு பேரழிவுகள். அக்டோபர் 5-இல் கல்கத்தா, நவம்பர் 1-இல் ஆந்திரக் கரையிலுள்ள மசூலிப்பட்டணம். மசூலிப்பட்டணத்தில் மட்டும் சுமார் 30,000 பேர் போனார்கள், பெரும்பாலும் கடல் ஊருக்குள் ஏறியதால். சரி, அடுத்த ஆண்டே எச்சரிக்கை ஏற்பாடு வந்தது, ஆனால் கல்கத்தா துறைமுகத்துக்கு மட்டும். வாணிபம் எங்கே கனமாக இருந்ததோ அங்கே முதலில். மற்ற துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் அது பரவ ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. அப்புறம் 1898 ஏப்ரல் 1 முதல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சீரான அடையாளங்கள்: பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். இந்த அடையாளத்தைத்தான் நாம் கூண்டு என்கிறோம். சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருவோம், ஏனென்றால் நம்மில் பலரும் 10 என்றால் 9-ஐ விடப் பயங்கரம் என்றே நினைக்கிறோம். 1-ம் 2-ம் தொலைவில் இருக்கும் புயலைச் சொல்கின்றன, 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே வரக்கூடிய மோசமான வானிலையை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான், வேறுபடுவது திசை. புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ கடந்தால் 7. பெரும் அபாயத்துக்கு அதே வரிசையில் 8, 9, 10. தகவல் தொடர்பு அறுந்துபோய், மோசமான வானிலை வருகிறது என்று துறைமுக அதிகாரியே கணித்தால் 11.

இடமா வலமா என்று ஏன் இவ்வளவு கவலை? வங்கக் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கே நகர்ந்து நம் கரையைக் கடக்கும்போது, அதன் பாதைக்கு வடக்கே, அதாவது வலப்பக்கம், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். நங்கூரத்தில் நிற்கும் கப்பலைத் தரையில் அடிப்பது அந்தக் காற்றுதான். தெற்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு. ஆக, இந்த ஒற்றை எண்ணில் ஒரு கப்பல் தலைவன் நங்கூரத்தை எடுப்பதா, நிற்பதா என்று முடிவு செய்யத் தேவையான விஷயம் இருக்கிறது. அருமையான கணக்கு, இதை யோசித்தவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் கரையில் குடிசை போட்டிருக்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? அதே வலப்பக்கக் காற்றுதான் கடலையும் ஊருக்குள் தள்ளுகிறது. தண்ணீர் எத்தனை அடி ஏறும், எந்தத் தெருவரை வரும் என்பதைக் கூண்டு சொல்லாது, அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. இன்று அதைக் கணித்துச் சொல்ல வானிலைத் துறை இருக்கிறது, ஆனால் செய்தியில் முந்திக்கொண்டு வருவது கூண்டு எண்தான். பத்திரிகை, தொலைக்காட்சி நண்பர்கள் இங்கே இருந்தால் ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை 9-ஆம் எண் என்று போடும்போது, புயல் உங்கள் ஊருக்குத் தெற்கே கரை கடக்கிறது, காற்று கடலிலிருந்து வரும், கடல்நீர் இத்தனை தூரம் உள்ளே வரலாம் என்று அதே வரியிலேயே சேர்த்துப் போடுங்கள்.