போர் ஆப்பிரிக்காவில், கைகலப்பு மாண்ட்ரியலில்

[காட்சி: கியூபெக் துறைமுகம், 1899 அக்டோபர் 30. கறுப்பு வெள்ளைப் படம்.]

கப்பலின் பெயர் சார்டினியன். கேட்டதும் டப்பாவில் அடைத்த சார்டின் மீன் நினைவுக்கு வருகிறதா? உள்ளே இருந்தவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுதான். ஆயிரம் கனடா வீரர்கள், ஒரு மாதக் கடல் பயணம். போகும் இடம் தென்னாப்பிரிக்கா. அங்கே டச்சு வழிவந்த போயர்களின் இரண்டு குடியரசுகளுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்தச் சண்டையில் கனடாவுக்கு என்ன வேலை? பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்த, கூட்டாட்சி அமைந்து 32 ஆண்டுகளே ஆன நாடு, இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிந்தது.

[காட்சி: பிரதமர் வில்ஃபிரிட் லோரியேயின் உருவப்படம்.]

ஆங்கிலம் பேசியவர்களில் பலர், 'மகாராணிக்கு ஒன்று என்றால் நாம் போகாமல் எப்படி?' என்றார்கள். பிரெஞ்சு பேசியவர்களில் பலருக்கோ போயர்களைப் பார்த்தால் தங்களையே பார்ப்பதுபோல் இருந்தது. கனடாவின் பிரெஞ்சுக்காரர்களும் முன்பு பிரிட்டனிடம் தோற்றுப்போன ஒரு மக்கள்தானே. நடுவில் லோரியே, பிரெஞ்சு மொழிக்காரரான முதல் பிரதமர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அவர் நாடாளுமன்றத்தைக் கூட்டவில்லை. அக்டோபர் 13 அன்று அமைச்சரவை ஆணை ஒன்றை வெளியிட்டார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் போகலாம், சாமான்களும் கப்பல் செலவும் கனடாவுடையது. அதோடு ஒரு வரி: இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது. கெட்டிக்காரத்தனமான வரிதான். ஆனால் யாரையும் அது ஏமாற்றவில்லை.

லோரியேயின் சொந்தக் கட்சி உறுப்பினர் ஆன்றி பூராஸா, வயது 31, திருப்பிக் கேட்டார்: நடந்து முடிந்த காரியமே முன்னுதாரணம்தானே? கேட்டதோடு நிற்காமல் பதவியையும் துறந்தார். ஜனவரியில் அதே தொகுதி அவரைப் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

[காட்சி: மாண்ட்ரியல் வீதி, பனி.]

1900 பிப்ரவரி 27. தென்னாப்பிரிக்காவின் பார்டர்பெர்க்கில் போயர் தளபதி குரோன்யே சுமார் 4,000 பேரோடு சரணடைந்தார். கனடா வீரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். மறுநாள், லேடிஸ்மித் நகரில் பிரிட்டிஷ் படையைச் சுற்றி போயர்கள் போட்டிருந்த முற்றுகையும் உடைந்தது. மாண்ட்ரியலுக்குச் செய்தி எட்டியதும், ஆங்கிலவழி மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிரெஞ்சுப் பத்திரிகை அலுவலகங்களின் வாசலில் நின்று, 'பிரிட்டிஷ் கொடியை ஏற்று' என்று கத்தினார்கள். அடுத்து, பிரெஞ்சுவழி லாவல் பல்கலைக்கழகத்தின் மாண்ட்ரியல் கட்டடம். பதிலுக்கு பிரெஞ்சு மாணவர்கள் மூவண்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு, பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடியபடி வந்தார்கள். கடல் தாண்டிக் கிடைத்த வெற்றியை ஒரே ஊரின் பிள்ளைகள் இப்படிக் கொண்டாடினார்கள்!

[காட்சி: போர் நினைவுச்சின்னம்.]

1902 மே மாதம் போர் முடிந்தது. கனடாவிலிருந்து 7,000க்கும் மேற்பட்டோர் போயிருந்தார்கள். ஏறத்தாழ 270 பேர் திரும்பவில்லை. அவர்களில் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம்.

பூராஸா 1910இல் சொந்தமாக ஒரு நாளேடு தொடங்கினார். 1917இல், முதல் உலகப் போருக்கு ஆள் போதாமல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபோது, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து அதை எதிர்த்தவர் லோரியே.