பின்வாங்கில இருந்த பெடியன்ர கரைவலை

(ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு திருகோணமலையில பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கு)

எல்லாருக்கும் வணக்கம். ஆசிரியர் தினம் எண்டபடியா எங்களைப் பற்றித்தான் பேசுவன் எண்டு நினைச்சிருப்பியள், நான் ஒரு பெடியனைப் பற்றிப் பேசப்போறன். பேர் சொல்லமாட்டன், அவனுக்கு அது பிடிக்காது.

தமிழ் படிப்பிக்கிற ஆக்களுக்குத் தெரியும், கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் எண்டு நாலு திறன். ஆனா தமிழ்மொழித் தினப் போட்டி வந்தா ஆர் நல்லாப் பேசுவினம், ஆர் நல்லாப் பாடுவினம் எண்டுதான் தேடுறம், கேட்டலை நாங்க கணக்கிலயே எடுக்கிறதில்ல. வாய் திறக்காத பிள்ளை நாள் முழுக்க வகுப்பில என்ன செய்யுது? கேட்டுக்கொண்டு இருக்குது. அதைச் சொல்லத்தான் வந்தனான்.

அவன் தரம் 8, பின்வாங்கு, யன்னல் பக்கம். இடாப்புக் கூப்பிட்டா "வந்திருக்கிறன் ரீச்சர்", அவ்வளவுதான் அண்டைக்கு அவன்ர பேச்சு. தன்வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னன், வழமையா நான் ஒரு குடை, நான் ஒரு பழைய சைக்கிள் எண்டுதான் வரும், இவன் "நான் ஒரு கரைவலை" எண்டு எழுதிக்கொண்டு வந்தான், வீடு நிலாவெளிப் பக்கம், அப்பப்பா கரைவலை இழுக்கிறவர், கடலில வளைச்சுப் போட்ட வலையைக் கரையில நிண்டு கனபேர் சேர்ந்து கயிற்றில இழுக்கிறது.

கேளுங்கோ என்ன எழுதினான் எண்டு. "என்னை இழுக்கிற வரிசையில ஆரும் எப்பவும் முன்னுக்கு நிக்கிறதில்ல. இழுக்க இழுக்கப் பின்னால போவினம், கடைசியா நிக்கிறவர் கயிற்றை விட்டிட்டு ஓடிவந்து தண்ணிக்குள்ள இறங்கி முதல் ஆளாப் பிடிப்பார்." நான் இந்தக் கடற்கரையில வளந்தவள், கரைவலை எத்தினை தரம் பார்த்திருப்பன், இப்பிடி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல.

அடுத்த பக்கம் இன்னும் மேல. மடி எண்டா மீன் சேருற வலையின்ர பை, அம்பா எண்டா வலை இழுக்கேக்க பாடுற பாட்டு. "மடி கிட்ட வரேக்க அம்பாப் பாட்டு மாறும். பாரமெண்டா சொல்லெல்லாம் போய் ஏலேலோ மட்டும் மிஞ்சும். வெறும் மடியெண்டா பாட்டு நிண்டிடும், நான் கரைக்கு வர முதலே கூடையோட இருந்தவை எழும்பிடுவினம்." பிறகு வாடைக்காத்து, அதுதான் மாரிகாலக் காத்து, தொடங்கினா வலையைச் சுருட்டி கடற்கரைக் கொட்டில் வாடிக்குள்ள போடுவினமாம், சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து வரும்வரைக்கும் அது மழைச்சத்தம் கேட்டுக்கொண்டு கிடக்குமாம்.

உவமை இல்ல, பழமொழி இல்ல, கட்டுரைக்கு நாங்க சொல்லிக்குடுக்கிற அலங்காரம் ஒண்டுமில்ல. முழுக்கக் காதால எழுதினது. விபுலாநந்த அடிகள் எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியில அதிபரா இருந்தவர், விஞ்ஞானம் படிச்சவர், அவரே மட்டக்களப்பு வாவியில பாடுமீன்ர சத்தத்தைக் காதுகுடுத்துக் கேட்டுப் பாட்டா எழுதி வச்சவர், கிழக்கு மாகாண ஆசிரியருக்குக் கேக்கிறது ஒண்டும் புதுசில்ல. பிறகு சில இடங்களில உழவு மெசின் வச்சுக் கயிறு சுத்தத் தொடங்கினவை, அதில அம்பாப் பாட்டுக்கு இடமே இல்ல, அதாலயும் அந்தக் கொப்பி எனக்குப் பெரிய சொத்து.

வகுப்பில வாசிக்கட்டோ எண்டு கேட்டன். "நீங்க வாசியுங்கோ ரீச்சர், என்ர பேர் சொல்லாதேங்கோ" எண்டான். வாசிச்சு முடிய ஒரு பிள்ளை எழும்பி, கடைசி ஆள் எப்பிடி ரீச்சர் முதல் ஆளா வாறது, விளங்கேல்ல எண்டு கேட்டுது. நான் பதில் சொல்ல முதலே இவன் பின்வாங்கில இருந்து எழும்பிட்டான். மைதானத்துக்குப் போனம், விளையாட்டு அறையில கயிறு எடுத்தம், ஒரு வார்த்தை சொல்லாம ஒவ்வொருத்தரையும் தோளில பிடிச்சு நிப்பாட்டி, கால் எப்பிடி ஊண்டுறது, எப்ப கையை விடுறது எண்டு தானே செய்து காட்டினான், அண்டைக்கு வகுப்பே சுத்திச் சுத்தி ஓடிச்சுது.

அதிபர்மார் கனபேர் இருக்கிறியள். நேரசூசியில தவணைக்கு ஒரு பாடவேளை தாங்கோ, பிள்ளையளைச் சந்தைக்கோ கடற்கரைக்கோ கோயில் வீதிக்கோ கூட்டிக்கொண்டு போய் கொஞ்சநேரம் பேசாம இருக்கச்சொல்லி, கேட்டதை எழுதவைப்பம். ரீச்சர்மார், சேர்மார், அந்தக் கொப்பியள் வரேக்க சிவப்புப் பேனையை எடுக்க முதல் ஒருக்கா முழுசா வாசியுங்கோ.