பெட்டிக்குள் ஒரு லயம்

(ஹற்றனில் வரலாற்று ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

ஹற்றனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் செல்லும் நம் பிள்ளைகள் கித்துல்கலையைக் கடக்கிறார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மனித எலும்புகளும் விரல்நுனி அளவேயான கற்கருவிகளும் கிடைத்த பெலிலென குகை அங்கேதான் இருக்கிறது. இதை நான் பல ஆண்டுகள் வாயால் சொல்லியே கற்பித்தேன். "இவ்வளவு பழையது என்று எப்படித் தெரியும் சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டபோது கரும்பலகையில் மண் படைகளைக் கீறிக் காட்டினேன், அவனுக்கு விளங்கவில்லை. அந்த ஆண்டுதான் மாணவர்கள் அகழ்ந்து பழக ஒரு பெட்டி செய்தோம்.

ஆறடி நீளமும் இரண்டடி ஆழமும் கொண்ட பலகைப் பெட்டி அது. அடியில் செம்மண், அதன்மேல் அடுப்புச் சாம்பலும் கரியும், அதற்கும் மேல் கறுப்பு மண். சாம்பல் படைக்குள் உடைந்த கோப்பைத் துண்டுகளையும், தேயிலைச் செடி வெட்டும் தேய்ந்த கவ்வாத்துக் கத்தியையும், 1944 என்று பொறித்த இரண்டு சத நாணயத்தையும் புதைத்தோம். பிறகு மேலிருந்து செம்மண் வரை ஒரு குழி வெட்டி, அடியில் பிளாஸ்டிக் மூடியொன்றைப் போட்டுக் கறுப்பு மண்ணாலேயே மூடினோம்.

மாணவர்கள் நூல் கட்டிக் கட்டங்கள் பிரித்தார்கள். மேசன் கரண்டியாலும் பிரஷ்ஷாலும் படை படையாக மண்ணை அகற்றினார்கள். எதையும் கையில் எடுக்குமுன் கட்டம், ஆழம், படை ஆகிய மூன்றையும் எழுதவேண்டும் என்பது விதி. அந்த விதி தளர்ந்தால் இது வெறும் புதையல் வேட்டையாகிவிடும்; அப்படி நடத்துவதைவிட நடத்தாமலிருப்பதே மேல். எடுத்த மண் முழுவதையும் ஏன் அரிக்கவேண்டும் என்று, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் அரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாணயம் வந்ததும், "இந்தப் படை 1944" என்று எழுதினார்கள். அது எத்தனை ஆண்டுகள் கைமாறியிருக்கும் என்று கேட்டேன். நெடுநேரம் வாதிட்டபின், "1944க்கு முந்தியதல்ல" என்று தாங்களே திருத்தினார்கள். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்லும் அந்த நிதானத்தை என் பாடக்குறிப்புகள் ஒருநாளும் அவர்களுக்குத் தந்ததில்லை.

அடுத்து, சாம்பலுக்கும் கீழே பிளாஸ்டிக் மூடி தென்பட்டது. ஆழத்தில் கிடப்பதெல்லாம் பழையது என்று நம்பியிருந்தவர்கள் திகைத்தார்கள். ஒரு மாணவி மட்டும் செம்மண்ணின் நடுவே வட்டமாகக் கறுத்திருந்த இடத்தைக் கரண்டி நுனியால் காட்டி, "இது பிறகு வெட்டின குழி சேர்" என்றாள். அன்றைய பாடம் முழுவதும் அந்தக் கரிய வட்டத்துக்குள் இருந்தது.

பெட்டிக்குப் பதிலாகத் தோட்டத்துப் பழைய லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தையே தோண்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நமது சரிவுகளில் மண்ணைக் கிளறுவதும் ஆபத்து. அதைவிட முக்கியமாக, ஒருமுறை அகழ்ந்த இடத்தை மறுமுறை அகழ முடியாது. பெட்டியை மட்டுமே மீண்டும் நிரப்பலாம்.

அதையும் செய்து பார்த்தோம். முதற்குழுவின் பதிவுத்தாள்களை மாத்திரம் வைத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்குமாறு இரண்டாம் குழுவிடம் சொன்னேன். கோப்பைத் துண்டுகளும் நாணயமும் தத்தம் இடத்துக்குத் திரும்பின. கவ்வாத்துக் கத்திக்கு மட்டும் யாரும் ஆழம் குறித்திருக்கவில்லை. அது இன்னும் வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது.